வெறுஞ்சாக்கு

பார்சலைப் பிரித்ததும் முதலில் வந்தது பாதி வாடிய தேயிலைக் கொழுந்தின் வாசனை. மூன்று வருடமாகக் கொழும்பில் யாருடைய அலுமாரிக்குள்ளேயோ பூட்டிக் கிடந்த பெட்டி அது. அதற்குள் இன்னும் அந்த வாசனை மிஞ்சியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பச்சைப் புல்லும் கனிந்த பழமும் சேர்ந்தாற்போல, கொஞ்சம் புளிப்பாக. உன் சட்டையில், உன் தலைமுடியில், நீ பாதி பிய்த்துக் கொடுக்கும் பணிஸில்கூட அதுதான் இருக்கும். கையில் பெட்டியை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளே எல்லாம் அப்படியே இருக்கிறது. ஐஸ்கிறீம் டப்பாவில் அடக்கிய மின்சுற்று. கொழுந்துக்குள் செருகுவதற்கு ஒரு சோடித் தகடு. கொழுந்து இல்லாமல் வெறுங்காற்றில் தொங்குவதற்கு இன்னொரு சோடி. அந்த இரண்டாவது சோடியின் கம்பியில் நீ ஒட்டிய வெள்ளைப் பிளாஸ்திரி. அதில் நீலப் பேனாவால் உன் குண்டு எழுத்து: வெறுஞ்சாக்கு. பக்கத்திலேயே, சான்றுப்பொருள் என்று இலக்கம் போட்டு நீதிமன்றத்தார் ஒட்டிய சீட்டு.

“பிளாஸ்திரிய உரிச்சிட்டுக் குடு புள்ள” என்று நீ சொன்னாய். நான் உரிக்கவில்லை. அதனால் என்ன நடந்தது என்பதை உனக்குச் சொல்லியாக வேண்டும். நீ போய் ஒன்றரை வருடம் கழித்து நடந்தது என்பதால் உனக்குத் தெரிய வழியில்லை.

லிந்துலைத் தோட்டத்தில் மூன்று நாளாக மழை. அம்மாவைப் பார்க்க என்று லீவு போட்டு வந்தேன், ஆனால் உண்மையில் ஒரு பந்தி எழுத வந்தேன். வெள்ளிக்கிழமைக்குள் எழுதி அனுப்ப வேண்டும். இன்று வியாழன். மூன்று நாளில் எழுதியதை விட அடித்ததுதான் அதிகம். களைப்பாக இருக்கிறது. வேலைக் களைப்பு என்றால் தூங்கினால் போய்விடும், இது அப்படிப் போகிற களைப்பு இல்லை.

ஒரே லயத்து வரிசை வீட்டில் அடுத்தடுத்த காம்பராவில் வளர்ந்தோம். நான் மின்சுற்று படிக்கக் கம்பஸுக்குப் போனேன். நீ தொழிற்பயிற்சி முடித்து ஸ்டோரில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தாய். அந்தத் தேயிலை ஆலைக்குள் ஏணியும் டெஸ்டருமாகத் திரிந்த ஒரே பெண் நீதான். நான் ஏதாவது புத்தகத்திலிருந்து அளந்தால், “நீ படிச்சவ. நான் ஷாக்கடிச்சவ. பேசாம இரு” என்பாய்.

இந்தப் பெட்டியைச் செய்யலாம் என்று தொடங்கியதும் நீதான். பறித்த கொழுந்தை நீளத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று ஊதி, மறுநாள் வரை வாட வைப்பார்கள். வாட்டம் சரியா என்று பார்க்க மேற்பார்வை ஐயாமார் ஒரு பிடி அள்ளி உருண்டையாகப் பிடித்து விடுவார்கள். உருண்டை விரியாமல் நின்றால் சரி. ஆனால் ஓர் ஐயாவின் கைக்கு நின்ற உருண்டை இன்னோர் ஐயாவின் கைக்கு விரிந்துவிடும். ஏச்சு விழுவது தொட்டியருகே நின்ற பெண்களுக்கு.

“கைக்குக் கை மாறுது. ஒரு மிசின் சொன்னா யாரும் யாரையும் ஏச ஏலாதில்ல?” என்று கேட்டாய். அவ்வளவுதான் உன் நோக்கம்.

கொழுந்துக்குள் இரண்டு தகடுகளைச் செருகினால், இலையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறதோ அதற்கேற்ப மின்னளவு மாறும். அதை எண்ணாகக் காட்ட ஒரு சுற்று வரைந்தேன். வெயில் நாளில் பெட்டி சொன்ன சொல் தவறவில்லை. பனிமூட்டம் இறங்கியதும் அதற்குப் பைத்தியம் பிடித்தது. காற்றின் ஈரம் தகட்டில் படிந்து, நன்றாக வாடிய கொழுந்தையும் பச்சைக் கொழுந்து என்றது. நம் மலையில் மூட்டமில்லாத நாள் வருடத்துக்கு எத்தனை?

அதற்கு மருந்தும் புத்தகத்தில் இருந்தது. ஒப்பிடுவதற்கு இரண்டாவதாக ஒரு சோடித் தகடு வைத்து, முதலாவதின் எண்ணிலிருந்து அதன் எண்ணைக் கழி. அந்த இரண்டாவதை ஈரம் புகாமல் மூடி வை. நான் படித்த அத்தனையிலும் மூடு என்றுதான் இருந்தது. நானும் மூடினேன். பசை போட்டேன், மெழுகு ஊற்றினேன், மூடிக்கு மேல் மூடி போட்டேன். இரண்டு வருடம் மாதம் ஒருமுறை கொழும்பிலிருந்து பஸ் ஏறி வந்து மூடினேன். எண் அடங்கவே இல்லை.

ஒரு ஞாயிறு காலை நீ கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஸ்க்ரூட்ரைவரால் என் மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினாய்.

“என்னாடி செய்ற? நனைஞ்சிரும்!”

“நனையட்டுமே. அது நனையுதுன்னா இதுவும் நனையணுமில்ல. இத மட்டும் குடைக்குள்ள வச்சிக்கிட்டு எப்படிக் கணக்குப் பாப்ப?”

இரண்டாவது சோடியைத் தொட்டி ஓரத்தில், அதே மூட்டத்தில், கொழுந்து படாமல் தொங்கவிட்டாய். இரண்டும் ஒரே ஈரத்தில் நனைந்தன. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மிச்சம் இலைக்குள் இருக்கும் தண்ணீர் மட்டும். எண் நின்றது. பத்து மணித் தேத்தண்ணி வரைக்கும் நாம் இருவரும் அதையே முறைத்துக்கொண்டிருந்தோம், அது அசையவில்லை. நீ முதலுதவிப் பெட்டியிலிருந்து பிளாஸ்திரி வெட்டி அந்தப் பெயரை எழுதி ஒட்டினாய். நான் சிரித்தேன். ஏன் அந்தப் பெயர் என்று கேட்கவில்லை. தோட்டத்தில் பிறந்த எவளுக்கு அதை விளக்க வேண்டும்?

மழை நாளில் கொழுந்து நிறுக்கும்போது, சாக்கு ஊறியதற்கும் இலையில் நின்ற தண்ணீருக்கும் என்று கணக்கப்பிள்ளை தன் இஷ்டத்துக்கு நாலு கிலோ, அஞ்சு கிலோ கழிப்பார். அதற்காக நம் அம்மாமார் காலையிலேயே ஒரு வெறுஞ்சாக்கைத் தராசுக் கொட்டகைக்கு வெளியே மழையில் தொங்கவிடுவார்கள். நிறுவை தொடங்கும்போது, “மொதல்ல இத நிறுங்க ஐயா. காஞ்ச சாக்கு எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும். மழை எவ்வளவு குடிச்சிருக்குன்னு பாத்துக் கழிங்க” என்பார்கள். கணக்கப்பிள்ளை முணுமுணுத்தாலும், சாக்கு அங்கே தொங்கும்போது இஷ்டத்துக்கு வெட்டக் கொஞ்சம் கூச்சப்பட்டார். நான் நடை பழகிய நாளிலிருந்து பார்த்த காட்சி அது.

நீதான் கண்டுபிடித்தாய் என்று அரசாங்கம் எழுதித் தருகிற தாளுக்கு ஆக்கவுரிமை என்று பெயர் என்றேன். விண்ணப்பத்தில் உன் பெயரை முதலாவதாகவும் என் பெயரை இரண்டாவதாகவும் போட்டேன். நீ அதை விரலால் தடவிப் பார்த்தாய். “தோட்டத்துச் சம்பளச் செக்ரோலுக்கு வெளிய எம்பேரு வாறது இதுதான் மொதத் தடவ” என்றாய். அதற்காகவாவது அந்தத் தாளை உனக்கு வாங்கித் தர வேண்டும் என்று அன்றே முடிவெடுத்தேன்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம், இது யாருக்கும் தோன்றக்கூடியதாம். இலையின் ஈரம் அளக்கும் தகடு ஏற்கெனவே ஒரு பழைய ஆவணத்தில் இருக்கிறது. ஒப்பிட இரண்டாவது தகடு வைப்பது இன்னொன்றில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் இதுதானே, சாதாரணத் தேர்ச்சியுள்ள எவரும் சேர்த்திருப்பார் என்றார்கள்.

எனக்கு அந்த வாக்கியம் புதிதில்லை. என் சோறே அதில்தான். கொழும்பில் நான் பார்க்கிற உத்தியோகம் மற்றவர்களின் மின்சுற்றுகளைப் படித்து, இது புதியதா, யாருக்கும் தோன்றக்கூடியதா என்று கருத்து எழுதுவது. எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன்! விடுகதைக்கு விடை தெரிந்தபின் எல்லாரும் கெட்டிக்காரர்தான். விடை தெரியாத அன்றைக்கு அந்த ஆளின் இடத்தில் போய் நின்று பார்க்க வேண்டும் என்பது சட்டம். நான் அப்படிப் போய் நின்ற நாட்களை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்தோம். அதற்குள் உன் மார்புக் கட்டி முற்றிவிட்டது. பெட்டியைச் சான்றாகக் கொடுக்க வேண்டும் என்று வாங்க வந்த அன்று, நீ கட்டிலில் சுவர்ப்பக்கம் சாய்ந்திருந்தாய். போர்வைக்கு மேலே ஸ்வெட்டர்.

“பிளாஸ்திரிய உரிச்சிட்டுக் குடு புள்ள.”

“ஏன், வெக்கமா? சாக்குன்னு இருக்கேன்னா?”

“வெக்கமில்ல. அது என்னுது இல்ல. உரிச்சிரு.”

பிறகு இருமல் வந்துவிட்டது. தேத்தண்ணி கேட்டாய். நான் போட்டுக் கொண்டுவந்தபோது தூங்கிவிட்டிருந்தாய். அடக்கமாகப் பேசுகிறாய் என்று நான் முடிவுகட்டிக்கொண்டேன். இரண்டு வாரத்தில் உன்னை மலைக்குக் கீழே அடக்கம் செய்தோம். அதற்குப் பிறகு உன் கையெழுத்தை நகத்தால் சுரண்டி எடுக்க யாரால் முடியும்? அப்படியே கொடுத்துவிட்டேன்.

விசாரணையன்று எல்லாம் நமக்குச் சாதகமாகவே போனது. நம் சட்டத்தரணி ஒரு சிங்களப் பெண்மணி, அலட்டாமல் அடுக்கிப் பேசுகிறவர். அவர் அந்தப் பழைய ஆவணத்தையே எடுத்து வாசித்தார். ஒப்பிடும் தகட்டை ஈரம் புகாமல் மூட வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அதைப் படித்தவர் மூடுவாரே தவிரத் திறக்கமாட்டார் என்றார். நீதிபதி தலையாட்டினார். நான் மனதுக்குள் உனக்குச் சொல்லிவிட்டேன், கிடைச்சிரும்டி என்று.

அப்போது நீதிபதி டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இந்தப் பிளாஸ்திரியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் சொன்னார். ஏன் அந்தப் பெயர் என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

சும்மா ஒரு பெயர் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சாட்சிக் கூண்டில் சத்தியம் செய்து நிற்கிறேன். அதைவிட உண்மை, எனக்குப் பெருமை பொங்கிவிட்டது. அந்தக் குளிர்சாதன மண்டபத்தில் நம் அம்மாமாரைப் பற்றி ஒருவர் கேட்கிறாரே என்று. கையை ஆட்டி, மழையை, தராசை, தொங்கும் சாக்கை எல்லாம் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன். நீதிபதி மிகவும் ஆர்வமாகக் கேட்டு, நெடுநேரம் எழுதினார். அவர் எழுத எழுத நம் சட்டத்தரணி தன் பேனாவை மூடி மேசையில் வைத்தார். அப்போதுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கு உறைத்தது.

போன மாதம் தீர்ப்பு வந்தது. தேயிலைத் தொழிலில் இருப்பவர்களுக்கு, அதே மழையில் நனைந்த வெறுமையான ஒன்றை வைத்துக் கழிக்கும் வழி ஏற்கெனவே தெரியும். கொழுந்து பறிக்கும் பெண்களும் இத்தொழிலில் சாதாரணத் தேர்ச்சி பெற்றவர்களே. ஆகவே மூடியைத் திறப்பது யாருக்கும் தோன்றக்கூடியதே. மேன்முறையீடு தள்ளுபடி.

வேடிக்கையைப் பார். எத்தனை வருடம் அந்தச் சாக்கை எந்தத் துரையும் எந்தக் கணக்கப்பிள்ளையும் அறிவு என்று ஒப்புக்கொண்டதில்லை. வாய்க்கொழுப்பு என்றுதான் சொன்னார்கள். அது அறிவுதான் என்று முதன்முதலாக எழுத்தில் வந்தது, அதை வைத்து உன் பெயரை அடித்த தாளில். அந்தத் தாளுக்கு வழி காட்டியது என் வாய். மன்னிப்புக் கேட்க நீயும் இல்லை.

அம்மாவுக்கு அந்த வரியைத் தமிழில் சொன்னேன். தீர்ப்பில் உங்களைத் தேர்ச்சி பெற்றவர்கள் என்று போட்டிருக்கிறார்கள், சாதாரணத் தேர்ச்சி என்று.

“சாதாரணமா?” என்றார் அம்மா. “அந்த ஐயாவ ஒரு நாளைக்கு மலையில வந்து நிக்கச் சொல்லு. அட்டை கடிக்கையில தெரியும் சாதாரணம்.”

இன்னும் ஒரு படி மேலே, மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். சட்டத்தரணி வழியும் சொன்னார். ஒரே ஒரு பந்தி போதுமாம். பறிக்கும் பெண்களின் வழக்கம் தொழில்நுட்ப அறிவு அல்ல, மின்சுற்று வடிவமைப்பவர் பொருட்படுத்தத்தக்கதும் அல்ல என்று நான் சத்தியக்கடதாசியில் எழுதித் தர வேண்டும். அவர் மோசமானவர் இல்லை, சங்கடப்பட்டுத்தான் சொன்னார். எழுதினால் உன் பெயர் பிழைக்கக்கூடும். எழுதாவிட்டால் வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. மூன்று நாளாக எழுதி எழுதி அடித்தது அந்தப் பந்தியைத்தான். அம்மா அடுப்பங்கரையில் ரொட்டி தட்டிக்கொண்டிருக்க, நான் இங்கே உட்கார்ந்து, அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுத வேண்டும்.

இன்று மத்தியானம் பார்சல் வந்தது. அம்மா மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, பிளாஸ்திரியை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

“வெறுஞ்சாக்கு. அட, மாரியாயி சாக்கு!”

மாரியாயி என்றால் உன் அம்மா.

“ஏம்மா மாரியாயி அத்த பேரச் சொல்றீங்க? அது எல்லாரும் செய்றதுதானே?”

“எல்லாரும் செய்றதா? அதுக்குப் பொறகு எல்லாரும் செஞ்சோம்.” அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். “நீங்க ரெண்டு பேரும் வயித்துல. எனக்கு நாலு மாசம், அவளுக்கு ஏழு. பேய் மழை. தெனம் அஞ்சு கிலோ வெட்டு. எங்க அம்மா காலத்துலருந்து வெட்டுறான், நாங்களும் ஏசிக்கிட்டே வந்திர்றது. ஒரு நா இவ வெறுஞ்சாக்கக் கொண்டாந்து கம்புல மாட்டிட்டு மலைக்கு ஏறுறா. என்னாடி இதுன்னா, ‘மழைய நிறுக்கப் போறேன்’ங்குறா. நாங்க விழுந்து விழுந்து சிரிச்சோம். நானுந்தான் சிரிச்சேன். கணக்கப்பிள்ள அன்னைக்கி அவ கொழுந்த நிறுக்கவே மாட்டேன்னுட்டான். கடைசி வரைக்கும் வயித்தத் தூக்கிக்கிட்டு மழையில நின்னா. மறுநா ரெண்டு சாக்கு தொங்கிச்சி. அடுத்த கெழம பாத்தா கொட்டகையச் சுத்திச் சாக்குதான்.”

“அத்த மகளுக்கு இது தெரியுமா?”

“தெரியாம? மாரியாயி சொல்லிச் சொல்லி வளத்த கத.”

அது என்னுது இல்ல. நீ சொன்னது அடக்கமில்லை. உன் அம்மாவின் பொருளின் மேல் உன் பெயர் ஏறிவிடக் கூடாது என்று சொல்லியிருக்கிறாய். நான் தேத்தண்ணி போடப் போய்விட்டேன்.

அழுதேன். அம்மா, ரொட்டி கருகுகிறது என்று எழுந்து போனார்.

பிறகு உட்கார்ந்து எழுதினேன். மூன்று நாள் வராத பந்தி அரை மணியில் வந்தது. ஆனால் அவர் கேட்ட பந்தி அல்ல. நான் எழுதியது இவ்வளவுதான். வெறுஞ்சாக்கை மழையில் முதன்முதல் தொங்கவிட்டவர் மாரியாயி என்ற தொழிலாளி. அதற்கு முன் இரண்டு தலைமுறை அதே மழையில் நின்றும் யாருக்கும் அது தோன்றவில்லை, தோன்றியவரைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். என் தாய் அவர்களில் ஒருவர். அந்தச் சாக்கைக் கொழுந்துத் தொட்டியில் மீண்டும் கண்டவர் அவருடைய மகள். நான் அதே லயத்தில் பிறந்தேன். மழை நாள்தோறும் அந்தச் சாக்கைப் பார்த்து வளர்ந்தேன். நான்கு வருடம் மின்சுற்று படித்தேன். இரண்டும் தெரிந்த என்னைவிடத் தேர்ச்சியுள்ள ஆள் இந்த வழக்குக்குக் கிடைக்கமாட்டார். நான் இரண்டு வருடம் மூடியைத்தான் போட்டேன். எனக்குத் தோன்றவில்லை.

போனில் அனுப்பியதைச் சட்டத்தரணி வாசித்துவிட்டு உடனே அழைத்தார். வாதமாக இது நிற்கலாம், நிற்காமலும் போகலாம் என்றார். ஆனால் நாளைக்கு வேறு வழக்கில் நான் நிபுணராகப் போய் நிற்கும்போது எதிர்த்தரப்பு இந்தத் தாளை எடுத்து நீட்டும், கண்ணெதிரே தொங்கியது தெரியாதவரா நிபுணர் என்று கேட்கும், யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். யோசித்துவிட்டேன், ஒரு சொல்லையும் மாற்றாமல் கொடுங்கள் என்றேன். அதே வேகத்தில் தலவாக்கலைக்கு பஸ் ஏறி, சமாதான நீதவான் முன் சத்தியம் செய்து கையெழுத்திட்டு, கூரியரில் போட்டுவிட்டு வந்தேன். ஈரக் குடையை மடக்கக்கூடத் தெம்பில்லை.

“அனுப்பியாச்சா?” என்றார் அம்மா.

“அனுப்பிட்டேம்மா.”

“செயிக்குமா?”

“தெரியல.”

“மாரியாயி பேரும் இருக்கில்ல அதுல?”

“இருக்கு.”

அம்மா தலையாட்டிவிட்டு எனக்கு ரொட்டியும் சம்பலும் எடுத்து வைத்தார்.

இனி என் மேசைக்கு வருகிற மின்சுற்று ஒவ்வொன்றையும், அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் யார் என்று கேட்காமல் என்னால் தள்ள முடியாது. வேலை மெதுவாகும், ஏச்சு விழும். விழட்டும். தீர்ப்பு எப்படி வந்தாலும் உன் அம்மா பெயரும், அதன் கீழே உன் பெயரும், அதற்கும் கீழே எனக்குத் தோன்றவில்லை என்பதும் ஒரே தாளில் இருக்கின்றன. அந்த வரிசை சரி என்றுதான் படுகிறது.

பெட்டியை மூடி அலுமாரியில் வைத்துவிட்டேன். பிளாஸ்திரியை இன்னும் உரிக்கவில்லை. யாருடையது என்று கேட்டால் சொல்ல இப்போது எனக்குத் தெரியும்.